மணலுக்குள் கிடந்தவரும் மாற்றி மாற்றி எழுதியவர்களும்

நட்சத்திர மீனைப் பற்றி எழுத்தில் கதை விட்ட ஆட்களில் மூத்தவர் அரிஸ்டாட்டில். லெஸ்பொஸ் தீவின் பிர்ரா கடற்பக்கத்தில் இது பெருந்தொல்லை என்றார். இதன் உடம்பு பயங்கரச் சூடு, கவ்விய இரையை உடனே பிடுங்கிப் பார்த்தால் அவித்தது போல இருக்கும் என்றும் எழுதி வைத்தார். அவரிடம் யார் திருப்பிக் கேட்பது? மகா அலெக்சாண்டரின் வாத்தியார். ஏறக்குறைய நானூறு வருடம் கழித்து உரோமாபுரியில் பிளினி அதையே பார்த்து எழுதினார். பரீட்சையில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதும் கலை கல்முனையில் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

உண்மையில் நட்சத்திர மீனுக்கு இரத்தமே கிடையாது. கடல் தண்ணீருக்கு என்ன சூடோ அதுதான் அதன் சூடு. ஆனால் அரிஸ்டாட்டிலின் கண்ணில் பிழையில்லை. நட்சத்திர மீன்களில் சில, தம் இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளிச் சிப்பிக்குள் புகுத்தி, அங்கேயே வைத்துக் கரைக்கும். அரைவாசி கரைந்த சிப்பிச் சதையைப் பார்த்தால் அவித்தது போலத்தான் தெரியும். சமையல் நடந்தது சரி, அடுப்பைத்தான் மனுசன் பிழையாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கதையின் நாயகர் அந்த வெளியே தள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் இலங்கை, இந்தியக் கரையோர மணலுக்குள் புதைந்து கிடக்கும் சின்ன ஆள். உள்ளங்கைக்குள் அடங்குவார். ஐந்து கை. சாம்பலும் கபிலமும் கலந்த, ஒருவரும் புகைப்படம் எடுக்க விரும்பாத நிறம். கைகளின் இரு ஓரமும் முள்வரிசை, சீப்பைப் போல. விஞ்ஞானப் பெயர் அஸ்ட்ரோபெக்டன் இண்டிகஸ். இந்தப் பெயர் அவருக்குக் கிடைத்த வழியில் எத்தனை கனவான்கள் எத்தனை பெட்டிகளை மாற்றினார்கள் என்பதுதான் விசயம்.

1733இல் லைப்சிக் நகரத்தில் யோஹான் ஹைன்ரிஷ் லிங்க் என்றொரு மருந்துக்கடைக்காரர், நட்சத்திர மீன்களுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். கடையின் பெயர் தங்கச் சிங்கம். லைப்சிக்கில் கடல் கிடையாது, நாள்கணக்கில் வண்டி ஓட்டினால்தான் ஏதாவது ஒரு கடலைக் காணலாம். அதனால் ஆளுக்கு ஒரு குறையும் வரவில்லை. உலகமெங்குமிருந்து காய்ந்த நட்சத்திர மீன்களை வரவழைத்து, 42 படத்தட்டுகளுடன் புத்தகத்தை முடித்தார். அடிப்பக்கத்தில் கை நெடுகப் பிளவு இருக்கிறதா இல்லையா, கை எத்தனை என்று பார்த்துப் பிரித்தார். பிளவு உள்ளவை உண்மையான நட்சத்திர மீன்கள், இல்லாதவை அவற்றின் ஒல்லிக் கை உறவினர். இன்றைக்கும் செல்லும் பிரிப்பு அது. அவர் செய்த ஒரே பிழை, அடுத்த வருடமே மவுத்தாகிப் போனது.

கேட்க ஆளில்லாத காணிக்கு என்ன நடக்கும் என்று எங்கட ஊரில் விளக்கத் தேவையில்லை. 25 வருடம் கழித்து, 1758இல், சுவீடனிலிருந்து லின்னேயஸ் வந்தார். உலகத்து உயிரெல்லாவற்றுக்கும் இரட்டைப் பெயர் வைக்கக் கிளம்பியவர். அவசரக்காரர். லிங்க் பிரித்து வைத்த அத்தனையையும் அள்ளி ‘அஸ்டீரியாஸ்’ என்ற ஒரே பைக்குள் போட்டு, அந்தப் பையைப் ‘புழுக்கள்’ என்ற பெரிய சாக்குக்குள் தள்ளிவிட்டார். அந்தச் சாக்குக்குள் ஓடில்லா நத்தை, கணவாய், சொறிமுட்டை, கடலட்டை எல்லாரும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எலும்பில்லாத, தனக்கு விளங்காத எதைக் கண்டாலும் புழு என்று எழுதுவது அந்த மகானின் வழக்கம். மனிதனுக்கு மட்டும் ‘ஞானவான்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பவர் எந்தக் கட்சி என்று அதிலேயே தெரிகிறது.

பிறகு பிரான்ஸ்காரர்களின் முறை. நட்சத்திர மீனையும் அதன் உறவினரையும் சேர்த்த முட்தோலிகளை, புரூகியேர் 1791இல் ஒரு தனிக்கூட்டமாக ஏற்றார். லாமார்க் இடத்தை மாற்றினார். குவியே வந்து, ‘வட்டமாக இருக்கிறது, சொறிமுட்டையும் வட்டமாக இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒரு வீடு’ என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பை உடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தப் பகுதியைக் கடகடவென்று தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருபவர் ஜோன் எட்வர்ட் கிரே.

கிரே இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் விலங்குப் பகுதிக்குப் பொறுப்பு. 1840ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி உலகத்தின் முதல் தபால் முத்திரை, ஒரு பென்சிக் கறுப்பு முத்திரை, விற்பனைக்கு வந்தது. ஊரெல்லாம் கடிதத்தில் ஒட்டுவதற்கு வாங்கியபோது, கிரே சிலதை ஒட்டாமல் சேர்த்து வைப்பதற்கு வாங்கினார். உலகத்தின் முதல் முத்திரைச் சேகரிப்பாளர் தானே என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர். அதே 1840இல்தான் லின்னேயஸின் பையை அவிழ்த்துக் கொட்டி நட்சத்திர மீன்களைச் சாதி சாதியாகப் பிரித்தார். அஸ்ட்ரோபெக்டன் என்ற சாதி பிறந்தது அந்த வருடம், அந்தக் கையால். எதைக் கண்டாலும் அல்பத்தில் வரிசைப்படுத்தும் வியாதி உள்ளவருக்கு அது பொன்னான வருடம்.

இரண்டு வருடம் கழித்து ஜேர்மனியில் முல்லர், துரோஷெல் என்ற இருவர் கூட்டாக ஒரு புத்தகம் போட்டார்கள். நட்சத்திர மீன்களைப் பிரிக்க அவர்கள் எடுத்த அளவுகோலைச் சபையில் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன். கைக்கு அடியில் உள்ள குழாய்க் கால்கள் எத்தனை வரிசை என்பது ஒன்று. மலவாசல் இருக்கிறதா இல்லையா என்பது மற்றது. பட்டம், பதவி எல்லாம் உள்ள இரண்டு கனவான்கள், உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக, பாட்டிலில் கிடந்த ஒவ்வொரு பிராணியையும் எடுத்து அந்த இடத்தைத் தேடியிருக்கிறார்கள். அப்படித் தேடித்தான் மூன்று குடும்பங்கள் வகுக்கப்பட்டன. வாசலே இல்லாத கடைசிக் குடும்பத்தில் எங்கட ஆள் போய்ச் சேர்ந்தார்.

அது பொய்ப் பிரிப்பு அல்ல. அஸ்ட்ரோபெக்டனுக்கு உண்மையாகவே பின்வாசல் கிடையாது. மணலுக்குள் இருக்கும் சின்னச் சிப்பி, நத்தை எதைக் கண்டாலும் அப்படியே முழுசாக விழுங்குவார். இரைப்பையை வெளியே தள்ளும் வித்தை தெரியாது. உள்ளே வைத்துச் சதையைக் கரைத்துவிட்டு, வெறும் ஓட்டைத் திரும்ப வாயால் துப்புவார். ஒரே வாசல் வைத்த கலியாண வீடு மாதிரி, சாப்பிட வருபவரும் சாப்பிட்டு முடித்தவரும் அதே நிலையில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி இலங்கைக்கு வருவோம். 1881 கடைசியில் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜேர்மன் பேராசிரியர் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கொண்டு கொழும்பில் இறங்கினார். நட்சத்திர மீன்களில் ஒரு சாதி தன் கையைக் கழற்றிப்போடும். கழன்ற கையின் அடியில் நாலு குட்டிக் கைகள் முளைத்து, அது வால் நீண்ட வால்வெள்ளி போலத் தெரியும். அந்த வடிவத்தைப் பற்றி 1878இலேயே கட்டுரை எழுதியவர் ஹெக்கல். ஆள் வந்து தங்கியது தெற்கே வெலிகமை ரெஸ்ட் ஹவுசில். பெயர் வைக்கும் பழக்கம் அங்கேயும் விடவில்லை. ரெஸ்ட் ஹவுஸ் பொறுப்பாளரின் முகம் சோக்ரடீஸ் போல இருக்கிறது என்று அவருக்கு சோக்ரடீஸ் என்று பெயர் சூட்டினார். கிழக்குக் கரைக்கு இந்த வகையான கௌரவம் தப்பியது.

தப்பியது கொஞ்ச நாளைக்குத்தான். 1883இல் சுவிற்சர்லாந்து பாசல் நகரத்திலிருந்து சரசின் என்ற இரண்டு பேர் வந்தார்கள். பவுலும் பிரிட்சும், ஒரே குடும்பத்து மச்சான்மார். காசுக்குப் பஞ்சமில்லை. 1886 வரை இந்தத் தீவில் சுற்றினார்கள். திருகோணமலைக் கடலில் அந்தக் கை கழற்றும் நட்சத்திர மீனைப் பிடித்து அது முளைக்கும் விதத்தை எழுதினார்கள். அதன் உடம்பில் ஒட்டுண்ணியாக வாழும் இரண்டு நத்தைகளையும் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று தோலுக்குள்ளேயே கட்டி போல வீடு கட்டிக் குடியிருக்கும், வாடகை கொடுக்காது. இப்படிப் பிடித்ததையெல்லாம் சாராயத்தில் போட்டுப் பாட்டில் பாட்டிலாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். முட்தோலிகளில் நட்சத்திர மீன், ஒல்லிக் கைக்காரர், கடல் முள்ளெலி எல்லாம் போய்ச் சேர்ந்தது ஸ்ட்ராஸ்பூர்க் அருங்காட்சியகத்து லூட்விக் டோடர்லைனின் மேசைக்கு. ‘இலங்கையின் முட்தோலிகள்’ என்று அவர் எழுதிய கட்டுரையில்தான் அஸ்ட்ரோபெக்டன் இண்டிகஸ் உலகத்துக்கு அறிமுகமானார்.

அதாவது காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறக்க நாலு வருடத்துக்கு முன்னமே எங்கட மணல்வாசிக்கு லத்தீனில் பெயர் விழுந்துவிட்டது. நாலா மூன்றா என்பதில் மட்டும் இழுபறி. சில பட்டியல்களில் 1888 என்றும் சிலவற்றில் 1889 என்றும் போட்டிருக்கிறார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் வருடம் பிசகுவது எங்கட பக்கத்துக்குப் புதுசில்லை. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் போதும். பாவம், இவருக்குக் கையொப்பம் வைக்கத் தெரியாது.

இருப்பிடத்தைப் பற்றி இப்போது சொல்லத்தான் வேண்டும். படத்தில் வரும் நீல நிறத்து, சிவப்புக் குமிழ் வைத்த நட்சத்திர மீன்களைத் தேடிக் கல்முனைக் கரைக்கு வருபவர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறுவார்கள். அவை முருகைக் கல்லுக்கும் கடற்புல்லுக்கும் சொந்தமானவை. முருகைக் கல்லையே தின்னும் முட்கிரீடக்காரர் 1970களில் திருகோணமலைப் பக்கம் பெருகி அட்டகாசம் பண்ணியதால் பத்திரிகைப் புகழும் உண்டு. அவரை உலகமெல்லாம் ஒரே இனம் என்று 250 வருடம் நம்பிவிட்டு, 2008இல் மரபணுவைப் பார்த்து, இல்லை, நாலு இனம் என்று பாகப்பிரிவினை செய்தார்கள். பழைய பெயரை வைத்துக்கொள்ளும் உரிமை எங்கட வட இந்து சமுத்திரக் கிளைக்கே கிடைத்தது. மூத்த வீட்டுக்காரருக்கு இருக்கும் மரியாதை.

நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது என்று போகும் கரை அப்படியல்ல. திறந்த கடல், மணல், அலை, இடையிடையே ஆற்று முகத்துவாரம். கல்லில் ஒட்டி வாழும் ஆளுக்கு இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அஸ்ட்ரோபெக்டனுக்கு அதுவே சுவர்க்கம். மற்ற நட்சத்திர மீன்களின் கால் நுனியில் உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம் இருக்கும், இவருக்கு இல்லை. கூராக முடியும் கால்கள், மணலைத் தோண்ட மட்டும். முதுகு முழுக்கச் சின்னச் சின்னத் தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலும் குட்டி முட்கள் விரிந்து குடை பிடிக்கும். மேலே மணல் விழுந்தாலும் குடைக்குக் கீழே தண்ணீர் ஓடும், மூச்சு முட்டாது. ஆள் அசையாமல் அப்படியே இறங்கி மறைந்துவிடுவார். மேலே பார்த்தால் வெறும் மணல். தரகர் எவரும் இன்னும் இந்த வீட்டை விற்றதாகத் தெரியவில்லை.

மாவடிப்பள்ளியிலிருந்து இதை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயம். காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை ரோட்டில் திரும்பினால் வரும் ஊர் எங்களுடையது. கண்ணுக்கு எட்டும் வரை வயல். கடல் கிழக்கே காரைதீவுக்கு அப்பால். கடற்கரை ஊர்ப் பட்டியலில் எங்களைப் போடுவதா, வயற்காரப் பட்டியலில் போடுவதா என்பதே ஒரு வகைப்பாட்டுச் சிக்கல். பெரியது இன்னொன்று இருக்கிறது. 1961 வரை இந்தப் பக்கம் முழுக்க மட்டக்களப்பு மாவட்டம். அந்த வருடம் தெற்குப் பாதியை வெட்டி அம்பாறை மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். இரவு மட்டக்களப்பானாகப் பாயில் சரிந்த எங்கட மூத்தாப்பாமார் விடிய எழும்பும்போது அம்பாறையான். பாய் அதே பாய், திண்ணை அதே திண்ணை, வரப்பும் இடம் மாறவில்லை. பெட்டியை மட்டும் எவரோ மாற்றியிருந்தார்கள். பிரதேச செயலகங்களைப் பிரிப்பது பற்றியும் இந்த இடத்தில் எழுதலாம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டு, எழுதவில்லை. ஆனால் லின்னேயஸ் முதல் குவியே வரை நட்சத்திர மீனுக்குச் செய்ததைப் படிக்கும்போது, கல்முனைத் தொகுதியில் பிறந்தவனுக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாது.

பெட்டி மாற்றிய டோடர்லைனும் கடைசியில் பெட்டி மாற்றப்பட்டார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்ட்ராஸ்பூர்க் அவர் வேலைக்குப் போன காலத்தில் ஜேர்மனிக்குச் சொந்தம். 1917இல் ஐரோப்பா முழுக்கக் குண்டு போட்டுக்கொண்டிருக்க, மனுசன் அஸ்ட்ரோபெக்டன் சாதியின் வம்ச வரலாற்றை ஆற அமர எழுதி வெளியிட்டார். எந்த இனத்துக்கு எந்த இனம் பெரியப்பா, எது சித்தப்பா என்று அவ்வளவு நுணுக்கம். யுத்தம் முடிந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் பிரான்சுக்குப் போனது. நாற்பது வருடத்துக்குக் கிட்டக் காத்த அருங்காட்சியகத்தை விட்டு, ஜேர்மன் இனம் என்ற ஒரே வகைப்பாட்டில் அவரை வெளியேற்றினார்கள். மியூனிக் போய்ச் சேர்ந்தார். அவர் சேர்த்த பாட்டில்கள் அங்கேயே தங்கின. நட்சத்திர மீன்களிடம் எவரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

கரைவலைக்காரரின் வகைப்பாடு இத்தனை தடவை மாறவில்லை. வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் வலை விடுவார்கள். மடி கரைக்கு ஏறி அவிழ்ந்ததும் மூன்றே மூன்று குடும்பம்: விற்பது, கறிக்குப் போவது, முசீபத்து. அஸ்ட்ரோபெக்டன் எந்தத் தயக்கமும் இல்லாமல் மூன்றாவதில். ஓரத்துச் சீப்பு முள் நூலில் மாட்டிக்கொண்டு கழற்ற வராது என்பதுதான் அதற்கான ஆராய்ச்சி ஆதாரம். ஒரு நாள் ஒன்றைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு நின்ற என்னை ஒரு தண்டயல் காக்கா மேலும் கீழும் பார்த்தார்.

“என்னத்துக்கு தம்பி அது? கறி ஆக்கவா போற?”

“இல்ல காக்கா, இது பெரிய விசயம். ஜேர்மன்காரர் பேர் வெச்சது.”

“பேர் வெச்சவர் வந்து இந்த வலையக் கழட்டித் தருவாரா?”

கறிக்கு ஆகாது என்ற அந்தத் தீர்ப்பில் விஞ்ஞானமும் இருக்கிறது. 1979இல் யப்பானில் பெரிய சங்கு ஒன்றைச் சாப்பிட்டவருக்கு நஞ்சேறியது. பார்த்தால் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. சங்குக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள், சங்கு தின்ற நட்சத்திர மீனில் போய் நின்றார்கள். அதுவும் ஓர் அஸ்ட்ரோபெக்டன்தான், எங்கட ஆளின் யப்பான் உறவுக்காரர். காலால் தட்டிக் கடலுக்குள் அனுப்பும் வழக்கம் பரம்பரை பரம்பரையாக எத்தனை வயிற்றைக் காத்ததோ!

வேடிக்கை என்னவென்றால், தட்டி அனுப்பப்படும் இவர்தான் அந்த மடியில் வந்த இறாலையும் கணவாயையும் விட எங்களுக்குக் கிட்டின சொந்தம். கரு வளரும்போது முதலில் திறக்கும் துளை எதுவாகிறது என்று பார்த்து, 1908இல் குரோபென் என்பவர் விலங்குகளை இரண்டு பெரிய வம்சமாகப் பிரித்தார். இறால், கணவாய் பக்கத்தில் அது வாயாகிறது என்றார். முட்தோலிக்கும் முதுகெலும்பு உள்ளவர்களுக்கும் முதலில் மலவாசல், வாய் பிறகு. முல்லரும் துரோஷெலும் கண்ணாடி பிடித்துத் தேடியது வீண்போகவில்லை. அந்த வாசலை வைத்துத்தான் நாங்கள் ஒரு குடும்பம். குடும்பத்துக்குள் சேர்ந்த பிறகு, வளர்ந்த அஸ்ட்ரோபெக்டன் அந்த வாசலையே அடைத்துக்கொண்டதை எந்தத் திமிரில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

கடைசியாக 2023 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி. கலிபோர்னியாக் கடலில் உள்ள ஒரு நட்சத்திர மீனில், எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று படம் பிடித்தார்கள். மற்ற விலங்குகளில் தலையை உருவாக்கும் மரபணுக்கள் ஐந்து கையிலும் நடுவாக ஓடின. முண்டத்துக்குரிய மரபணு வேலையைக் காணவில்லை. ஆகவே இது கையும் காலும் உள்ள உடம்பு அல்ல, கடலடியில் ஊர்ந்து திரியும் ஒரு தலை என்று முடிவுக்கு வந்தார்கள். மூளை என்று ஒன்று இல்லாத தலை. புழு, வட்டம், முத்திரை அல்பம், வாசல் இல்லாதவர், எல்லாம் தாண்டி இப்போது முழுத் தலை.

இத்தனை பட்டம் வந்து போகும்போதும் நகராதவருக்கு இப்போதுதான் இடம்பெயர்வு வந்திருக்கிறது. எங்கட கரையிலேயே ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தது. கடலுக்குள் நீட்டிய கல்லணையால், வடக்கே போகும் மணல் தடைப்பட, ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்னையும் வாடியும் போயின. தடைப்பட்ட மணல் துறைமுக வாயிலில் குவிந்து மூட, உள்ளே தோணி போய்வர முடியாமல் போனது. மணல் வேண்டிய இடத்தில் கடல், கடல் வேண்டிய இடத்தில் மணல். இந்த அரிப்பு எந்தத் திணைக்களத்தின் கீழ் வரும் என்ற வகைப்பாடு கோவைக்குள் நடந்துகொண்டிருக்க, மணல் நட்சத்திரத்தின் கதி என்னவாகும் என்று அதே தண்டயல் காக்காவிடம் என் கவலையைச் சொன்னேன். அவர் வலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“உன்ட ஆளுக்கு ஒலுவில் துறைமுகத்துக்குள்ள ஒரு துண்டு எழுதி எடுத்துக் குடு தம்பி. மணல் தாராளமா இரிக்கி. தோணித் தொல்லையும் இல்ல.”